31-ஆவது வினாடி: குழந்தையும் நாயுமாகப் படமெடுத்துப் பகிரும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். சென்ற வாரம் ஒரே காணொளி நான்கு பேரிடமிருந்து என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. என் வீட்டில் நாய் உண்டு என்று தெரிந்தவர்கள், நாய் தென்படும் எதையும் எனக்கு அனுப்பிவிடுவார்கள். 42 வினாடி ஓடும் படம். தரையில் ஒரு பழுப்பு நிற நாய் படுத்திருக்கிறது. இரண்டு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை தத்தித் தத்தி வந்து அதன் முதுகின் மேல் சாய்கிறாள். கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். காதைப் பிடித்து இழுக்கிறாள். முகத்தோடு முகம் வைத்து முத்தமிடுகிறாள். பின்னணியில் மெல்லிய இசை. கீழே ஒரு வரி: "என்ன ஒரு பொறுமை! மனிதர்கள் இதனிடம் கற்றுக்கொள்ள வேண்டும்."

அந்தப் பொறுமை என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

ஒலியை நிறுத்திவிட்டு அதே படத்தை மறுபடி ஓட்டினேன். இந்த முறை குழந்தையைப் பார்க்கவில்லை. குழந்தை இருக்கும் படத்தில் குழந்தையைப் பார்க்காமலிருப்பது எளிதல்ல, ஆனால் முயன்றால் முடியும். தொடக்கத்தில் நாயின் வாய் தளர்வாகத் திறந்திருக்கிறது, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்குகிறது. குழந்தை இரண்டடி தூரத்தில் வந்ததும் வாய் மூடிக்கொள்கிறது. 7-ஆவது வினாடியில் நாக்கு நுனி வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டு மறைகிறது. கண் இமைக்கும் நேரம்தான். 11-இல் முகத்தை மறுபக்கம் திருப்புகிறது. கண் மட்டும் குழந்தையைவிட்டு அகலாததால் விழியோரம் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. 15-இல் ஒரு கொட்டாவி. 19-இல் இரண்டு காதும் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. 24-இல் எழப் பார்க்கிறது. குழந்தையின் எடை முதுகில் இருப்பதால் மறுபடி படுத்துவிடுகிறது. 31-இல் எல்லாம் நின்றுவிடுகிறது. வால் அசையவில்லை, விலாவில் மூச்சின் ஏற்ற இறக்கம்கூடத் தெரியவில்லை. கண் மட்டும் ஒரு முறை வலப்பக்கம் போய் வருகிறது. 36-இல் யாரோ பொம்மையைக் காட்ட, குழந்தை இறங்கி ஓடுகிறாள். நாய் எழுந்து, நனைந்த நாயைப்போலத் தலையிலிருந்து வால்வரை உடம்பை உதறுகிறது. அதன் மேல் ஒரு துளி நீர் இல்லை.

அந்த 42 வினாடியில் அது ஏழெட்டு முறை பேசிவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

கொட்டாவி விட்டால் தூக்கம், மூக்கை நக்கினால் பசி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். நாயும் தூக்கம் வந்தால் கொட்டாவிதான் விடுகிறது. ஆனால் பகல் வெளிச்சத்தில், யாரோ மேலே ஏறிப் படுத்திருக்கும்போது, உணவு எதுவும் பக்கத்தில் இல்லாதபோது வரும் கொட்டாவியும் நக்கலும் வேறு வகை. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகோஸ் இவற்றை அமைதிப்படுத்தும் சைகைகள் என்று அழைத்தார். எதிரில் இருப்பவரை அமைதிப்படுத்தத்தான் நாய் இவற்றைச் செய்கிறதா, தன் பதற்றம் தாங்காமல் இவை தாமாக வெளிப்படுகின்றனவா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. நமக்கு அந்த விவாதத்தின் முடிவு தேவையில்லை. இரண்டில் எதுவானாலும் செய்தி ஒன்றுதான்: எனக்கு இது சங்கடமாக இருக்கிறது.

பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படியில் கண் சிமிட்டல், கொட்டாவி, மூக்கை நக்கல். அடுத்து முகத்தைத் திருப்புதல், உடம்பைத் திருப்புதல், எழுந்து விலகிப் போதல். அதற்கும் மேலே காதை ஒட்டிப் பதுங்குதல், வாலைக் கால்களுக்கிடையே இடுக்கி நிற்றல், மல்லாந்து வயிற்றைக் காட்டுதல். பிறகு உடல் விறைத்தல், முறைத்தல். பிறகு உறுமல். பிறகு காற்றைக் கவ்வுவதுபோல் ஒரு பொய்க்கடி. உச்சியில்தான் கடி. நாய்க்குக் கீழ்ப்படிகளில் நிற்பதுதான் விருப்பம். அங்கே சொன்னது யார் காதிலும் விழவில்லை என்றால் ஒரு படி ஏறிச் சொல்கிறது. கீழ்ப்படிகளால் ஒருபோதும் பயனில்லை என்று அனுபவத்தில் தெரிந்துவிட்டால், சில நாய்கள் அவற்றைத் தாண்டி நேராக மேலே போகப் பழகிவிடுகின்றன. மல்லாந்து படுப்பதையும் இங்கே கவனியுங்கள். உடம்பு தளர்ந்து, வாய் திறந்து, கால்கள் நாலாபக்கமும் சரிந்து கிடந்தால் வயிற்றைச் சொறிந்துவிடக் கேட்கிறது என்று கொள்ளலாம். வாய் மூடி, வால் வயிற்றோடு ஒட்டி, உடம்பு பலகைபோல் இருந்தால் அது "என்னை விட்டுவிடு" என்ற கெஞ்சல். நம் கை இரண்டுக்கும் ஒரேபோல வயிற்றை நோக்கித்தான் நீளுகிறது.

உங்கள் காணொளியில் நாய் ஏணியின் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. 31-ஆவது வினாடியின் விறைப்பைத்தான் நீங்கள் பொறுமை என்று எழுதினீர்கள்.

கட்டிப்பிடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு அது அன்பின் உச்சம். நாய்க்கு ஆபத்து வந்தால் முதல் தற்காப்பு ஓட்டம். கழுத்தைச் சுற்றி இரண்டு கை விழுந்தால் அந்த வழி அடைபடுகிறது. கனடாவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன் 2016-இல் இணையத்திலிருந்து நாயை மனிதர்கள் கட்டியணைத்திருக்கும் 250 படங்களை எடுத்து, நாயின் முகத்தை மட்டும் ஆராய்ந்தார். 100-க்கு 80-க்கு மேற்பட்ட படங்களில் நாயிடம் மன அழுத்தத்தின் அறிகுறி ஒன்றாவது இருந்தது. அவர் இதை ஒரு பத்திரிகைப் பத்தியில்தான் எழுதினார், மற்ற அறிஞர்கள் சரிபார்த்து ஆய்விதழில் வந்த கட்டுரை அல்ல. அதனால் அந்த எண்ணை நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர்கள் அவற்றை மகிழ்ச்சியான தருணங்கள் என்று நம்பித்தானே பதிவிட்டிருப்பார்கள்? உங்கள் கைப்பேசியிலும் அப்படி இருபது படம் இருக்கும். ஒரு மாலைப் பொழுதில் நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கே தெரியாதது குழந்தைக்கு எப்படித் தெரியும்? இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸும் அவர் குழுவினரும் சிறு குழந்தைகளிடம் நாய்களின் முகங்களைக் காட்டி, எது மகிழ்ச்சி, எது கோபம் என்று கேட்டார்கள். பல்லைக் காட்டிச் சீறும் முகத்தை, சிரிக்கிறது என்று சொன்ன குழந்தைகள் கணிசமானவர்கள். பல் தெரிந்தால் சிரிப்பு என்பது மனித முகத்தில் கற்ற பாடம். அந்தப் பாடத்தோடு குழந்தை சீறும் நாயை நோக்கி இன்னும் ஓரடி நெருங்கி, முகத்தை நீட்டுகிறது. குழந்தையின் முகம் இருக்கும் உயரத்தையும் நாயின் வாய் இருக்கும் உயரத்தையும் நினைத்துப் பாருங்கள்.

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்! "தப்புச் செய்துவிட்டு முழிக்கிறது பார்" என்ற வகைக் காணொளிகள் உங்களுக்குத் தெரியும். கிழிந்த தலையணை ஒரு பக்கம், தலை குனிந்து, காது மடங்கி, கண் ஓரமாகப் பார்க்கும் நாய் ஒரு பக்கம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லி உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது என்று சில நேரம் அவரிடம் உண்மை சொல்லப்பட்டது, சில நேரம் பொய் சொல்லப்பட்டது. நாய் அந்தக் குற்றவாளி முகத்தைக் காட்டியது, தின்றதற்கும் தின்னாததற்கும் தொடர்பில்லாமல், உரிமையாளர் திட்டியபோதுதான். ஒரு குற்றமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அந்த முகம் இன்னும் அழுத்தமாகவே தெரிந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று சிரித்துப் பகிர்வது அச்சத்தை. வெளியிலிருந்து வரும்போதே குரலும் நடையும் மாறிவிட்டதை அது கண்டுகொண்டது, அவ்வளவுதான். நம் உடல்மொழியை அது படிக்கும் கூர்மையில் பத்தில் ஒரு பங்கு நமக்கு இருந்தால் இந்த மடலுக்கே வேலையில்லை.

இனி வால். "வாலை ஆட்டிக்கொண்டுதானே இருந்தது!" என்பது கடிபட்டவர் வீட்டில் தவறாமல் கேட்கும் வாக்கியம். வால் ஆடுவது, உள்ளே ஏதோ கிளர்ச்சி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. என்ன கிளர்ச்சி என்பதை வால் நிற்கும் உயரமும், ஆடும் வேகமும், வாலுக்கு முன்னால் இருக்கும் உடம்பும் சொல்கின்றன. இந்த இடத்தில் நம் மொழி நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. தமிழில் நாய் வாலை ஆட்டும், வாலைக் குழைக்கும். இரண்டும் ஒன்றல்ல. குழைதல் என்றால் இளகுதல். சோறு குழைவதுபோல் இடுப்பு குழைந்து, முதுகு வளைந்து, பின்பாகம் முழுவதும் வாலோடு சேர்ந்து ஆடுவதுதான் குழைத்தல். அதுதான் நட்பு. உடம்பு கம்பம்போல் நிற்க, வால் மட்டும் கொடிபோல் உயர்ந்து குறுகலாக விறுவிறுவென்று துடித்தால், அது வெறும் ஆட்டல். அந்த நாயை நோக்கி நடக்காதீர்கள். நம் முன்னோர் இரண்டு சொல் வைத்திருந்தார்கள். நாம் ஒன்றைத் தொலைத்துவிட்டு "வாலாட்டியது, பிறகு கடித்தது" என்று வியக்கிறோம்.

வால் ஆடும் பக்கத்திலும் சேதி உண்டு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் 30 நாய்களைப் படமெடுத்து அளந்தார்கள். உரிமையாளரைக் கண்டபோது வாலின் வீச்சு நாயின் வலப்பக்கம் கூடுதலாகவும், ஆதிக்கம் காட்டும் அறிமுகமற்ற நாயைக் கண்டபோது இடப்பக்கம் கூடுதலாகவும் இருந்தது. மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பிரித்துக்கொள்வதன் விளைவு என்பது அவர்கள் விளக்கம். தெருவில் நின்று இடமா வலமா என்று பார்த்துக்கொண்டிருக்க நம்மால் முடியாது. சுவாரசியமானது என்பதற்காகச் சொன்னேன். பயன்படக்கூடியது, நாய்க்கு நாய் வால் நிலை மாறும் என்ற செய்திதான். முதுகின் மேல் சுருண்ட வாலோடு பிறந்த நாய்க்கு அது சாதாரண நிலை. வால் கீழே தொங்குவதே இயல்பான நாய்க்கு அதே உயரம் எச்சரிக்கை. உங்கள் நாய் நிம்மதியாக இருக்கும்போது அதன் வால் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்து வையுங்கள். வாலையும் காதையும் அழகுக்காக வெட்டிவிட்டவர்கள் அதன் வாயில் பாதியைத் தைத்துவிட்டார்கள் என்றே நான் சொல்வேன். கனடாவில் வால் நீளத்தை மாற்றக்கூடிய இயந்திர நாய் ஒன்றைச் செய்து பூங்காவில் நிறுத்திப் பார்த்தார்கள். வால் நீளமாக இருந்தபோது, அது ஆடுகிறதா அசையாமல் நிற்கிறதா என்பதைப் பொறுத்து மற்ற நாய்கள் நெருங்குவதும் தயங்குவதுமாக இருந்தன. வால் குட்டையானபோது அந்த வேறுபாடு அவற்றுக்குத் தெரியவில்லை.

அடுத்தது குரல். உங்களில் பலர் அசல் ஒலியை எடுத்துவிட்டு இசையைச் சேர்க்கிறீர்கள். அந்த நான்கு பேர் அனுப்பிய படத்திலும் அப்படித்தான். 31-ஆவது வினாடியில் அந்தத் தொண்டையில் என்ன ஓடியது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தாழ்ந்த உறுமல் பெரும்பாலும் காதில் விழுவதற்கு முன் கையில் தெரியும், மார்பில் வைத்த உள்ளங்கையில் ஒரு நடுக்கமாக.

விலங்குகளின் குரலுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு என்று அமெரிக்க விலங்கியலாளர் யூஜின் மார்ட்டன் 1977-இல் எழுதினார். தாழ்ந்த, கரகரத்த ஒலி "தள்ளிப் போ" என்பதற்கு. உயர்ந்த, தெளிந்த ஒலி அச்சத்துக்கும் இணக்கத்துக்கும். பெரிய உடம்பிலிருந்து தாழ்ந்த ஒலி வரும் என்பதால், மிரட்டுகிறவன் குரலைத் தாழ்த்தித் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறான். நாயின் குரைப்பும் இந்த இலக்கணத்தில்தான் ஏறி இறங்குகிறது. தனியே விடப்பட்ட நாயின் குரைப்பு உயர்ந்து, இடைவெளி விட்டு, ஒற்றை ஒற்றையாக வரும். வாசலில் அந்நியர் நிழல் பட்டால் தாழ்ந்து, கரகரத்து, மூச்சு விடாமல் அடுக்கடுக்காக வரும். புடாபெஸ்ட்டில் உள்ள ஆய்வாளர்கள், முடி என்ற ஹங்கேரிய இன நாய்களின் குரைப்புகளைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். (நம் ஊர் முடி அல்ல, அந்த இனத்தின் பெயரே அதுதான்.) எந்தச் சூழலில் குரைத்தது என்பதை, குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் கிடைக்கக்கூடியதைவிட நன்றாகவே கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள், நாய் வளர்க்காதவர்கள் உட்பட. ஆக, காது நமக்கு இருக்கிறது. கேட்கிற வழக்கம்தான் இல்லை.

உறுமலிலும் வகை உண்டு. அதே புடாபெஸ்ட் குழுவினர் ஓர் எலும்பை வைத்து, அருகே மறைத்த ஒலிபெருக்கியில் உறுமல்களை ஒலிக்கவிட்டார்கள். தன் எலும்பைக் காத்த நாயின் உறுமல் கேட்டபோது, எடுக்க வந்த நாய்கள் பின்வாங்கின. அந்நியரை மிரட்டிய உறுமலும் விளையாட்டு உறுமலும் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. கயிற்றை இழுத்து விளையாடும்போது வரும் உறுமலைக் கண்டு நீங்கள் பதறவும் வேண்டாம். வணங்குவதுபோல முன்னங்கால்களைத் தரையில் படியவைத்து, பின்பாகத்தைத் தூக்கி நிற்கிறதா? உடம்பு துள்ளுகிறதா? நடுவில் நிறுத்தி, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வருகிறதா? அப்படியானால் அது விளையாட்டு. அந்த வணக்கம் "இப்போது நான் கடிக்கப் போவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே" என்று சொல்லி வைப்பதுபோல, விளையாட்டுக் கடிகளுக்குச் சற்று முன்னும் பின்னும் அதிகம் வருகிறது என்று அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெகாஃப் 1995-இல் காட்டினார்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்று ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு நாம் நெடுநாள் ஓட்டிவிட்டோம். மனிதர்களைப் பற்றிச் சொன்னதை நாய்மேல் ஏற்றியதில் வந்த குழப்பம் அது. குரைக்கிற நாய் கடிக்கும், கடிக்காமலும் போகும். குரைக்கவோ உறுமவோ கூடாது என்று அடக்கப்பட்ட நாயைப் பற்றித்தான் எனக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் அப்படி ஒன்றை நானே உருவாக்கினேன்.

அதன் பெயர் சிட்டு. ஆறு வயதுவரை வீட்டில் யாரிடமும் குரல் உயர்த்தாதது, திடீரென்று படுத்திருக்கும்போது தொட்டால் உறுமத் தொடங்கியது. ஒரு பயிற்சியாளரிடம் கேட்டேன். "அது உங்களை அடக்கப் பார்க்கிறது. ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் இப்படி விடமாட்டான். உறுமினால் உடனே அடக்குங்கள், நீங்கள்தான் தலைவர் என்று காட்டுங்கள்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது, தலைவர் பதவி யாருக்குத்தான் கசக்கும்? இந்தத் தலைவன் கதையின் வேர், விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதிய, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றிய ஆய்வில் இருக்கிறது என்பதும், அந்தக் கருத்தைப் பரப்பிய அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் என்பவரே பின்னாளில், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம்தான், பதவிச் சண்டை மேடை அல்ல என்று 1999-இல் திருத்தி எழுதினார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். உறுமினால் மூக்கில் ஓர் அடி. பத்து நாளில் உறுமல் நின்றது. பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து என் தங்கை மகன் வந்திருந்தான், ஐந்து வயது. நாற்காலிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த சிட்டுவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். நான் நான்கடி தூரத்தில் இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவன் வீறிட்டபோதுதான் திரும்பினேன். கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, இரண்டு பற்குறி. சிட்டு சுவரோடு ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று நினைத்து இதைத் தவிர்த்துவிடாதீர்கள். மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் 99 விழுக்காடுவரை நாயிடமிருந்து வருகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

பிறகு கால்நடை மருத்துவர் சிட்டுவின் பின்னங்காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். அது முகத்தைத் திருப்பி மூக்கை நக்கியது. இடுப்பு மூட்டில் தேய்மானம், வெகு நாளாக வலித்திருக்கும் என்றார். "படுத்திருக்கும்போது தொட்டால் உறுமுகிறதா?" என்று கேட்டார். "முன்பு உறுமும். நிறுத்திவிட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மட்டும் ஒரு கணம் நிறுத்தினார்.

வீட்டில் எல்லோரும் "திடீரென்று கடித்துவிட்டது" என்றார்கள். திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. வலிக்கிறது என்று அது வாரக்கணக்கில் சொன்னது. சொன்னதற்கு அடித்தேன். சொல்வதை நிறுத்தியது. வலி நிற்கவில்லை.

லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உங்கள் காணொளிகளின் மறுபாதியைப் பார்த்திருக்கிறார்கள். நாய் கடிப்பது பதிவான 143 காணொளிகளை யூடியூபிலிருந்து எடுத்து, கடிக்கு முந்தைய வினாடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். கடிக்குச் சுமார் 20 வினாடி முன்பிருந்தே மனிதர் நாயைத் தொடுவதும் அதன் மேல் குனிவதும் சாய்வதும் கூடிக்கொண்டு வந்தது. இருபது வினாடி என்பது எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிவிட்டு வரப் போதுமான நேரம். ஆனால் கையில் கைப்பேசி இருந்தால் நாம் எழ மாட்டோம். படம் கெட்டுவிடும்.

உங்கள் மறுமொழிகளை நான் அறிவேன். "எங்கள் நாய்க்குக் குழந்தை என்றால் உயிர்." இருக்கலாம். பாசமும் மூச்சுமுட்டலும் ஒன்றாகவே இருக்கும் என்பது, பிரியமான உறவினர் கன்னத்தைக் கிள்ளும்போது நெளிந்த எல்லோருக்கும் தெரியும். "இதுவரை ஒன்றும் செய்ததில்லை." சிட்டுவும் ஆறு ஆண்டுகள் ஒன்றும் செய்ததில்லை. "பிடிக்கவில்லை என்றால் எழுந்து போயிருக்குமே." 24-ஆவது வினாடியில் அது முயன்றது.

நாயும் குழந்தையும் பழகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழகட்டும். நாய் தானாகக் குழந்தையிடம் வரட்டும், குழந்தை நாயிடம் போக வேண்டாம். நாய் தூங்கும் இடமும் தின்னும் இடமும் குழந்தைக்கு எல்லை தாண்டிய நாடு. வந்த நாயைக் கழுத்தோரத்திலோ மார்பிலோ மூன்று வினாடி தடவச் சொல்லுங்கள், பிறகு கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் நெருங்கி உடம்பைச் சாய்த்தால், மூக்கால் கையை முட்டினால், இன்னும் மூன்று வினாடி. நின்ற இடத்திலேயே நின்றால், முகத்தைத் திருப்பினால், போதும். குழந்தைகள் இந்த விளையாட்டை நம்மைவிட விரைவாகக் கற்கிறார்கள். என் தங்கை மகன் இப்போது பெரியவர்களைத் திருத்துகிறான்: "மாமா, மூக்கை நக்கிவிட்டது, கையை எடு." உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். குழந்தையை மெல்ல விலக்கிவிட்டு, ஏன் உறுமியது என்று யோசியுங்கள். புதிதாகத் தொடங்கிய உறுமல் என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படமெடுப்பதையும் நிறுத்த வேண்டாம். பதிவிடும் முன் ஒரு முறை ஒலியில்லாமல், நாயை மட்டும் பார்த்து ஓட்டிப் பாருங்கள் என்பதே என் கோரிக்கை. மூடிய வாய், பிறைக் கண், விறைத்த உடம்பு தெரிந்தால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள், பகிராதீர்கள். அதைப் பார்க்கும் ஆயிரம் வீடுகளில் ஆயிரம் குழந்தைகளை ஆயிரம் நாய்களின் மேல் சாய்த்துப் பார்க்கத் தோன்றும். எல்லா நாயும் 31-ஆவது வினாடியோடு நின்றுவிடாது.

அந்த வினாடியில் நாயின் கண் வலப்பக்கம் போய் வந்தது என்று சொன்னேன். அங்கே என்ன என்று படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கதவு. சாத்தியிருக்கிறது. குழந்தை வெளியே போய்விடக் கூடாதே என்று குறுக்கே ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறது. அடுத்த முறை படமெடுக்கும் முன் அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரு நாய் நுழையுமளவு கதவைத் திறந்து வையுங்கள். அது எழுந்து போய்விட்டால், போகிற படத்தையே பகிருங்கள். எப்படியும் நான்கு பேர் எனக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் காணொளிகளை ஒலியில்லாமல் பார்க்கும் ஒருவன்